வேலை முதலில், கணக்கு பிறகு: ஜான் நார்ட்டன்-கிரிஃபித்ஸ் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் உலகப் போர் நடந்த 1914 டிசம்பர் 20 அன்று, வடக்கு பிரான்ஸில் கிவான்ஷி ஊரை ஒட்டிய பதுங்குகுழிகளில் இந்திய ராணுவத்தின் சர்ஹிந்த் பிரிகேட் நின்றிருந்தது. அந்தக் குழிகளுக்கு அடியில் பத்து இடங்களில் ஜெர்மானியர் புதைத்து வைத்த வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மேலிருந்து வரும் குண்டுக்கு ஒளியலாம், காலடி மண்ணே வெடித்தால் எங்கே ஒளிவது? பயிற்சி பெற்ற படை ஒன்று சில நிமிடங்களில் நிலைகுலைந்தது. பிரிட்டிஷ் தளபதிகளிடம் இதற்குப் பதில் இல்லை. மண்ணுக்கடியில் சண்டை போடத் தெரிந்த தனிப்பிரிவு எதுவும் அன்று அவர்கள் ராணுவத்தில் இருக்கவில்லை.

பதில் சொல்லத் தெரிந்தவர் ஒரு காண்ட்ராக்டர். அவர் பெயர் ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ். கன்சர்வேட்டிவ் கட்சியின் பின்வரிசை எம்.பி., தன் செலவில் ஒரு குதிரைப்படை திரட்டிய மேஜர், பாதாள சாக்கடையும் ரயில்பாதையும் போடும் நிறுவனத்தின் முதலாளி. இந்தத் தாக்குதலுக்குச் சில நாள் முன்பே அவர் போர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். மான்செஸ்டரில் சாக்கடைக்குச் சுரங்கம் தோண்டும் தன் ஆட்களை முன்னணிக்கு அனுப்பலாம் என்பது அவர் யோசனை. கடிதம் கோப்பில் தூங்கியது.

அவருடைய வாழ்க்கையில் ஆராயத்தக்க மூன்று வேலைகள் உண்டு: பிரான்ஸ்–பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஃப்ளாண்டர்ஸ் சுரங்கங்கள், ருமேனிய எண்ணெய்க் கிணறுகள், எகிப்தின் அஸ்வான் அணை. மூன்றிலும் அவர் ஒரே முறையைத்தான் கையாண்டார். வேலையை உடனே தொடங்கு, வாக்குக் கொடு, கணக்கைப் பிறகு பார்த்துக்கொள். முதல் இரண்டில் இந்த முறை வென்றது. மூன்றாவதில் அவரையே விழுங்கியது. ஏன் என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

ஆள் வந்த வழி

1871 ஜூலை 13 அன்று இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்தார். தந்தை கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவர். மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. லைஃப் கார்ட்ஸ் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பதின்ம வயதிலேயே தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். ஆட்டுப் பண்ணை, தங்கச் சுரங்கம் என்று கிடைத்த இடங்களில் வேலை கற்றார். இன்றைய ஜிம்பாப்வேயில் நடந்த 1896–97 மாடபிலிப் போரில் இருந்தார். போயர் போரில் தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் மெய்க்காவல் படையில் கேப்டனாக உயர்ந்தார். பொறியியல் பட்டம் எதுவும் இல்லாதவர், மண்ணையும் ஆளையும் நேரில் பார்த்துக் கற்றவர். இந்த அடித்தளம் பிறகு அவருக்குப் பலமாகவும் பலவீனமாகவும் இருந்தது.

தொழிலில் அவரை நிலைநிறுத்தியது அங்கோலாவின் பெங்குவெலா ரயில்பாதை. லொபிட்டோ துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் 1,067 மி.மீ. அகலப் பாதையின் முதல் பகுதியை அவருடைய கிரிஃபித்ஸ் நிறுவனம் போட்டது. கடலோரம் வறண்ட பூமி, குடிநீரே பெரும்பாடு. அதைத் தாண்டியதும் பீடபூமிக்கு ஏறும் செங்குத்துப் பள்ளத்தாக்கு. அங்கே சாதாரண இன்ஜின் ஏறாது என்பதால் பல்சக்கரத் தண்டவாளம் வைக்க வேண்டியிருந்தது.

இந்தப் பாதையில் நம்மவர் தடமும் உண்டு. 1907இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து சுமார் 2,000 இந்தியத் தொழிலாளர்கள் லொபிட்டோ வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஆகவே இந்தக் கூட்டத்தில் தமிழரும் தெலுங்கரும் நிறையவே இருந்திருப்பார்கள். நோயிலும் கடும் வேலையிலும் பலர் அங்கேயே மாண்டார்கள். பிழைத்துத் திரும்பியவர்களை மறுபடி நேட்டாலுக்குள் விடுவதா என்பது தனித் தகராறாக வெடித்தது. காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ அவர்கள் பக்கம் நின்று எழுதியது. நார்ட்டன்-கிரிஃபித்ஸைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. அவருடைய வேகம் யார் முதுகில் ஏறி வந்தது என்பதும் கணக்கில் சேரவேண்டியதுதான்.

1910 ஜனவரியில் இரும்புக் குழாய்த் தொழிலுக்குப் பெயர்போன வெட்னஸ்பரி தொகுதியில் நின்று, லிபரல்களிடமிருந்து இடத்தைப் பறித்தார். சாம்ராஜ்ய நாடுகளுக்குள் சலுகை வரி, இறக்குமதிச் சரக்குக்குத் தடுப்பு வரி, குடியேற்ற நாடுகளுக்கு ஆங்கிலத் தொழிலாளர்களை அனுப்புவது ஆகியவையே அவர் திரும்பத் திரும்பப் பேசியவை. அதனால் ‘எம்பயர் ஜாக்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அமைச்சராகும் நோக்கமும் பொறுமையும் அவரிடம் இல்லை. 1911இலிருந்து எம்.பி.க்குக் கிடைத்த ஊதியம் ஆண்டுக்கு 400 பவுண்டு. காண்ட்ராக்டருக்கு அது சில்லறை.

அப்படியானால் பதவியால் அவருக்கு என்ன பயன்? கதவு திறக்கும். அந்தக் கால ஆங்கிலப் பொதுவாழ்வில் இதுதான் பின்வரிசை உறுப்பினரின் உண்மையான சக்தி. அமைச்சரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் காத்திருக்க வேண்டாம், கிளப்பிலும் மன்றத் தாழ்வாரத்திலும் நேரில் பிடிக்கலாம். இதில் ஆபத்தும் இருந்தது. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட உறுப்பினர் பதவி இழப்பார் என்று 1782ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. அது ஏட்டுச் சட்டம் அல்ல. தன் வங்கி இந்தியா அலுவலகத்துக்கு வெள்ளி விற்றதற்காக ஸ்டூவர்ட் சாமுவேல் என்ற உறுப்பினர் 1913இல் பதவி இழந்து, மறுபடி தேர்தலில் நின்றே திரும்பினார். தொழிலும் பதவியும் கையில் வைத்திருந்த எவரும் இந்தக் கயிற்றின் மேல்தான் நடந்தார்கள்.

மண்ணை உதைப்பது

கிவான்ஷிக்குப் பிறகு நிலைமை மாறியது. 1915 பிப்ரவரி 12 அன்று கிச்சனர் பிரபு அவரைக் கூப்பிட்டனுப்பினார். உங்கள் ஆட்கள் அப்படி என்னதான் செய்வார்கள் என்று கேள்வி. நார்ட்டன்-கிரிஃபித்ஸ் அடுப்பங்கரையில் கிடந்த கரி அள்ளும் கரண்டியை எடுத்தார். போர் அமைச்சரின் அறைத் தரையில் மல்லாந்து படுத்தார். கரண்டியைப் பாதங்களுக்கு நடுவே வைத்து, எதிரில் இல்லாத களிமண் சுவரை உதைத்துக் காட்டினார். கிச்சனர் உடனடியாகப் பத்தாயிரம் பேர் வேண்டும் என்றார்.

அவர் நடித்துக்காட்டிய முறை இதுதான். தோண்டுகிறவர் குனிந்தோ முட்டி போட்டோ வேலை செய்வதில்லை. குறுக்குச் சட்டம் வைத்த பலகை ஒன்றைச் சுரங்கத்துக்குள் சாய்வாக முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். அதில் ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் சாய்ந்து, கால்கள் மண்முகத்தைப் பார்த்திருக்கப் படுக்கிறார். அகலம் குறைந்த, முனை கூரான மண்வெட்டி ஒன்று. அதை இரண்டு பாதங்களாலும் களிமண்ணுக்குள் அழுத்தி, நெம்பி, ஒரு கட்டியாகப் பெயர்த்தெடுக்கிறார். தொடையின் பலம் முழுவதும் கருவியில் இறங்குகிறது. கடப்பாரையின் ‘டங்’ என்ற ஓசை கிடையாது, ஈரக் களிமண் பிரியும் மெல்லிய சத்தம் மட்டும். இரண்டாமவர் கட்டியை எடுத்துச் சாக்கில் போடுவார். மூன்றாமவர் சாக்குகளைச் சிறு தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே இழுத்துப்போய், திரும்பும்போது முட்டுக்கட்டைகளை ஏற்றி வருவார்.

அந்த முட்டுக் கொடுப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கீழே ஒரு கட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால்கள், மேலே ஒரு உத்தரம். ஆணி அடிப்பதில்லை. அடித்தால் சத்தம் எதிரிக்குக் கேட்கும். தோண்டிய களிமண் காற்றுப் பட்டு ஈரம் ஏறி உப்பும். அந்த உப்பலே கட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண்ணைப் பகையாக நினைக்காமல் வேலைக்காரனாக வைத்துக்கொண்ட தொழில் இது.

வேகத்திலும் பெரும் வித்தியாசம் இருந்தது. நல்ல களிமண்ணில் இந்தக் குழுக்கள் ஒரு நாளில் 8 மீட்டர் வரை போனார்கள். கோடரிக் கடப்பாரையால் குத்தித் தோண்டிய ஜெர்மானியர்கள் 2 மீட்டர் அளவில்தான் போனார்கள், அதுவும் சத்தத்தோடு. கீழே நடக்கும் போரில் யார் முதலில் சத்தம் கேட்கிறாரோ அவர் பிழைப்பார்.

கிச்சனரைப் பார்த்த மறுநாளே பிரான்ஸில் இருந்தார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார், மான்செஸ்டர் களிமண்ணைப் போலவே வேலைக்கு வாகாக இருந்தது. மான்செஸ்டரில் ஓடிக்கொண்டிருந்த தன் வேலையை நிறுத்தினார். அங்கிருந்து புறப்பட்ட பதினெட்டுப் பேர், வேலை நின்ற நான்காம் நாள், பிப்ரவரி 21 அன்று கிவான்ஷி பகுதியில் மண்ணுக்கடியில் இருந்தார்கள். அணிவகுப்பு தெரியாது, சல்யூட் அடிக்கத் தெரியாது, சிலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இவர்களை வைத்து 170ஆம் சுரங்கக் கம்பெனி என்ற ராணுவப் பிரிவு பிறந்தது. ஓர் அரசு அலுவலகத்தில் ஆணை தட்டச்சாகி வெளியே வர எடுக்கும் நேரம்கூட இல்லை இது.

அடுத்த ஓராண்டு அவர் முன்னணி முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தார். மனைவியின் ரோல்ஸ்-ராய்ஸ் காரைப் போர் அலுவலகம் விலைக்கு வாங்கிக் கப்பலில் அனுப்பியது. அந்தக் காரில் பெட்டி பெட்டியாக நல்ல ஒயின். காலாட்படை பட்டாலியன்களில் எத்தனையோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சிப்பாய்களாக நின்றிருந்தார்கள். அவர்களை விட்டுக்கொடுக்க எந்தக் கமாண்டருக்கும் மனம் வராது. இவர் கூடாரத்துக்குள் நுழைவார், பேசுவார், ஒரு பெட்டியை இறக்குவார், ஆட்களின் பட்டியலோடு கிளம்புவார். காண்ட்ராக்டருக்கு இது புது வித்தை அல்ல. நல்ல மேஸ்திரியை இன்னொருவரிடமிருந்து கொத்திக்கொண்டு வருவது அந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது.

கோளாறு எங்கே முளைத்தது

சம்பளத்தில்தான். மண் உதைப்பவருக்கு நாளைக்கு 6 ஷில்லிங், உதவியாளருக்கு 2 ஷில்லிங் 2 பென்ஸ் என்று பேசியிருந்தார். காலாட்படைச் சிப்பாய்க்குக் கிடைத்தது நாளுக்கு ஒரு ஷில்லிங். பக்கத்துப் பதுங்குகுழியில் குளிரில் நிற்பவரைவிட ஆறு மடங்கு கூலி என்றால் மனக்கசப்பு வராமல் இருக்குமா?

உள்ளுக்குள் பிரச்சினை இன்னும் மோசம். உதைப்பவர் யார், உதவியாளர் யார் என்று யார் தீர்மானிப்பது? பட்டாலியனிலிருந்து மாற்றலாகி வந்த நிலக்கரித் தொழிலாளி அதே மண்முகத்தில் அதே வேலையைச் செய்வார். கையில் வருவதோ குறைந்த கூலி. நார்ட்டன்-கிரிஃபித்ஸ் வாய்மொழியாகச் சொன்னதும் சம்பளப் பிரிவின் ஏட்டில் இருந்ததும் பல இடங்களில் பொருந்தவில்லை. கட்டட வேலையில் தளத்தில் நின்று ‘பார்த்துக்கலாம், இறங்கு’ என்று சொல்லும் பழக்கம் அவருக்கு. தளத்தில் சொன்னவரே பில்லையும் பாஸ் செய்தால் அது நடக்கும். ராணுவத்தில் சொன்னவர் ஒருவர், பணம் தருபவர் வேறொருவர். 1915 முழுக்கச் சுரங்கக் கம்பெனிகளில் இந்தப் புகைச்சல் அடங்கவே இல்லை.

இரண்டாவது கோளாறு, ராயல் இன்ஜினியர்ஸ் படையின் நிரந்தர அதிகாரிகளோடு உரசல். விதிமுறை தெரியாதவர், மேலிடத்தை நேராகப் போய்ப் பார்க்கிறவர் என்று அவர்மீது குறை. குறையில் உண்மையும் இருந்தது. கம்பெனிகள் இருபதைத் தாண்டியபின் அவற்றுக்கு வேண்டியிருந்தது ஓடியாடும் தலைவர் அல்ல. வரைபடம், எதிரி தோண்டும் சத்தத்தைக் குறித்துவைக்கும் கேட்புப் பதிவேடு, மீட்புக் கருவி, பயிற்சிப் பள்ளி, வெடிமருந்து இருப்பு என்று ஒழுங்கான நிர்வாகம் வேண்டியிருந்தது. 1916 ஜனவரியில் ஆர். என். ஹார்வி சுரங்கப் பிரிவு ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். அந்த வசந்த காலத்தில் நார்ட்டன்-கிரிஃபித்ஸ் விலகினார். அதே ஆண்டில் டி.எஸ்.ஓ. என்ற ராணுவ விருது கிடைத்தது. தொடங்கத் தெரிந்தவர், தொடர்ந்து நடத்தத் தெரிந்தவர் என இரண்டு வகை ஆட்கள் உண்டு. இவர் முதல் வகை. அந்தக் கைமாற்றம் சரியான நேரத்தில் நடந்தது என்பதே எங்கள் கணிப்பு.

மெசின்: விதைத்ததும் விளைந்ததும்

பெல்ஜியத்தின் மெசின் மேட்டை அடியோடு அதிர வைக்கலாம் என்று 1915இலேயே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அங்குள்ள மண் அடுக்குகள் இந்த யோசனையின் உயிர். மேலே மணல் கலந்த மண், அதற்குக் கீழே நீர் நிரம்பிக் குழம்பாக ஓடும் மணல், அதற்கும் கீழே கெட்டியான நீலக் களிமண். ஓடும் மணலைத் தாண்ட முடியாது என்று ஜெர்மானியர்கள் நம்பியிருந்தார்கள். எஃகு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி, ஜாக்கி வைத்து அழுத்தி, கிணற்றுக்கு உறை இறக்குவதுபோலவே இறக்கினால் தாண்டலாம் என்று பிரிட்டிஷ் தரப்பு காட்டியது. நீலக் களிமண்ணை எட்டிவிட்டால் மண் உதைப்பவர்களுக்கு அது சொந்த ஊர்.

அங்கும் தொல்லைகள் வரிசை கட்டின. நீலக் களிமண் வெளியே வந்தால் வானத்திலிருந்து விமானம் பார்த்தவுடன் ஆழச் சுரங்கம் வெட்டப்படுவது தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சாக்கையும் இரவில் பின்னுக்குக் கொண்டுபோய்ப் புதைத்து மூடினார்கள். காற்று உள்ளே போகத் துருத்தியைக் கையால் அடித்துக் குழாய் வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. வெடிக்குப் பின் தேங்கும் கார்பன் மோனாக்சைடை மோந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால் எலிகளையும் கேனரிப் பறவைகளையும் உள்ளே வைத்திருந்தார்கள். வெடிமருந்தான அம்மோனால் ஈரத்தை உறிஞ்சிப் பாழாகும், அதைக் காற்றுப்புகாத தகரங்களில் அடைத்தே உள்ளே அடுக்கினார்கள். மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டு, அது வெடிக்காமல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1917 ஜூன் 7 அதிகாலை 3.10. பத்தொன்பது சுரங்கவெடிகள் சில விநாடி இடைவெளியில் கிளம்பின. மொத்தம் சுமார் 450 டன் வெடிமருந்து. செயின்ட் எலோயில் இருந்தது மட்டும் 95,600 பவுண்டு, ஏறக்குறைய 38 மீட்டர் ஆழத்தில். அன்று காலையே மேடு பிரிட்டிஷ் கையில். வைத்தும் வெடிக்காமல் விட்டவற்றில் ஒன்று 1955இல் இடி விழுந்து வெடித்தது. மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு இறந்தது.

இந்த வெற்றியை முழுக்க நார்ட்டன்-கிரிஃபித்ஸின் பெயரில் எழுதுவது தவறு. வெடித்தபோது அவர் அந்தப் பணியிலேயே இல்லை. ஆழச் சுரங்கத் திட்டத்துக்கு வடிவம் கொடுத்ததில் 250ஆம் கம்பெனியின் மேஜர் கிராப்பருக்கும், நடத்தி முடித்ததில் ஹார்விக்கும், கனடா, ஆஸ்திரேலியத் தொழிலாளர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த ஆட்கள் அந்த மண்ணுக்குள் இருந்ததற்கு முதல் காரணம் இவர்.

ருமேனியா: பத்து நாள் நெருப்பு

1916 ஆகஸ்ட் இறுதியில் ருமேனியா நேச நாடுகளோடு சேர்ந்து போரில் குதித்தது. மூன்று மாதத்துக்குள் ஜெர்மானியப் படைகள் தலைநகரை நெருங்கின. ஐரோப்பாவில் ரஷ்யாவுக்கு அடுத்தபடியாக எண்ணெய் எடுத்த நாடு அது. கடல் முற்றுகையில் தவித்த ஜெர்மனிக்கு அந்த எண்ணெய் கிடைத்தால் போர் நீளும். அழிக்கவேண்டும். யாரை அனுப்புவது? லண்டன் இவரைப் பிடித்தது.

ரஷ்யா வழியாகச் சுற்றி நவம்பர் 18 அன்று புக்கரெஸ்ட் வந்து சேர்ந்தார். எண்ணெய் வயல்கள் சும்மா கிடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி இருந்தார்: ஜெர்மன் வங்கி மூலதனத்தில் ஸ்டவுவா ரொமானா, டச்சு–பிரிட்டிஷ் ஷெல் குழுமத்தின் அஸ்த்ரா ரொமானா, அமெரிக்க ஸ்டாண்டர்டு ஆயிலின் ரொமானோ-அமெரிக்கானா. நேச நாட்டு நிறுவனங்களே தம் சொத்தைக் கொளுத்த ஒப்பவில்லை. ருமேனிய அரசும் இழுத்தடித்தது. எதிரி திரும்பிப் போய்விட்டால் மறுநாள் நாம் எதை வைத்துப் பிழைப்பது என்ற அவர்களின் பயம் நியாயமானதுதான்.

பிரிட்டிஷ் அரசு நஷ்டத்தை ஈடுகட்டும் என்று எழுதிக்கொடுத்தார். எழுத்துக்கு மசியாத இடத்தில் ஆட்களோடு நேரே உள்ளே புகுந்தார். உள்ளூரில் வேலை பார்த்த பிரிட்டிஷ் எண்ணெய்ப் பொறியாளர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். வேலை துர்கொவிஷ்தேயில் தொடங்கி மொரேனி, கிம்பினா வழியாகப் ப்ளோயெஷ்தி வரை நகர்ந்தது.

எண்ணெய் வயலை அழிப்பதென்றால் தீ வைப்பது என்று நினைப்பது வழக்கம். தீ தொட்டியைக் காலி செய்யும், கோபுரத்தைச் சாய்க்கும். கிணறு அப்படியே இருக்கும். சில வாரங்களில் எதிரி புதுக் கோபுரம் கட்டி எண்ணெய் எடுப்பான். அதனால் அவர் முதலில் குறிவைத்தது கிணற்றின் துளையை. இரும்புக் கம்பி, சங்கிலி, துளையிடும் கருவிகள், உடைந்த குழாய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்டு அடைத்தார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் ஒரு கைப்பிடி அகலத் துளைக்குள் சிக்கிய இரும்பை வெளியே எடுப்பது தனி வித்தை. எண்ணெய்த் தொழிலில் அதை ‘மீன்பிடித்தல்’ என்றே சொல்வார்கள். ஒரு துண்டு எடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதன்பின் இயந்திரங்கள். சம்மட்டியைத் தானே தூக்கி அடித்தார். கடைசியில்தான் தொட்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் நெருப்புக்கு இரையாயின.

இந்தக் கடைசிப் படியில்தான் உயிருக்கு ஆபத்து. திறந்துவிட்ட எண்ணெயிலிருந்து கிளம்பும் வாயு தரையோடு தரையாகப் படரும், எதிர்பாராத இடத்தில் தீப்பிடிக்கும். ஒரு முறை அவரே வாயு வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, முடி கருகித் தப்பினார். டிசம்பர் 6 அன்று புக்கரெஸ்ட் விழுந்தது. அதற்குள் ப்ளோயெஷ்தியின் வானத்தைப் பகலிலேயே புகை மறைத்திருந்தது. சுமார் 70 சுத்திகரிப்பு ஆலைகளும் 8 லட்சம் டன் எண்ணெயும் அழிந்தன.

பலன் என்ன? ஜெர்மானியர்கள் அந்த வயல்களிலிருந்து மறுபடி எண்ணெய் எடுக்க ஐந்து மாதம் ஆனது. 1917இல் உற்பத்தி 1914ஆம் ஆண்டு அளவில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் 1918இல் அது 80 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. ஆக, இது நிரந்தர அழிவு அல்ல, ஒன்றரை ஆண்டுக்கான தாமதம். அந்தத் தாமதத்தின் மதிப்பை ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃபே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தங்கள் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு இந்த மனிதரும் ஒரு காரணம் என்று எழுதினார்.

1917இல் அவருக்குக் கே.சி.பி. என்ற நைட் பட்டம் வந்தது. நார்ட்டன், கிரிஃபித்ஸ் இரண்டையும் கோடிட்டு இணைத்துக் குடும்பப்பெயராக்கிக்கொண்டதும் அந்த ஆண்டில்தான். கொடுத்த வாக்குகளோ லண்டனைத் தேடி வந்தன. போர் முடிந்த பிறகும் எண்ணெய் நிறுவனங்கள் நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளோடு பிரிட்டிஷ் அரசின் வாசலில் நின்றன. களத்தில் ஒருவர் கொடுத்த எழுத்தின் பில் கஜானாவுக்குப் போனது. பில்லைத் தாங்க ஓர் அரசு பின்னால் நின்றதால்தான் அவருடைய முறை இங்கேயும் வென்றது.

அஸ்வான்

போருக்குப் பின் 1918இல் லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் சென்ட்ரல் தொகுதியிலிருந்து மறுபடி எம்.பி. ஆனார், 1924 வரை இருந்தார். 1922இல் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம். மகள் அர்சுலா, ஜான் தார்ப் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி.யை மணந்தார். பிற்காலத்தில் லிபரல் கட்சித் தலைவரான ஜெரமி தார்ப் அவர்களின் மகன். மன்றத்தில் அவருடைய இந்த இரண்டாம் சுற்றில் எடுத்துச் சொல்ல அதிகமில்லை. தொழிலில் காலம் மாறியிருந்தது. போருக்கு முன்பு கையில் இருந்த ஆட்களும் மூலதனமும் அப்படியே இல்லை.

1929இல் எகிப்து அரசின் பெரிய டெண்டர் அவருக்குக் கிடைத்தது: அஸ்வான் அணையை இரண்டாம் முறை உயர்த்துவது. 1902இல் முடிந்த அந்தக் கருங்கல் அணை சுமார் 2 கி.மீ. நீளம், 180 மதகுகள். 1912க்குள் ஒரு முறை 5 மீட்டர் உயர்த்தியாயிற்று. இப்போது இன்னும் 9 மீட்டர்.

பழைய அணையின் மேல் புதுக் கட்டுமானம் ஏற்றுவது பார்வைக்கு எளிது, உள்ளே சிக்கல். புதிய கட்டு இறுகும்போது சூடாகிப் பிறகு சுருங்கும். பழைய கல் அசையாது. இரண்டையும் உடனே ஒட்டினால் ஒட்டிய இடம் விரிசல் விடும். முதல் உயர்த்தலில் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர் இதற்குக் கண்ட வழி அருமையானது. பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவே சுமார் 15 செ.மீ. இடைவெளி விட்டு, எஃகுக் கம்பிகளால் பிணைத்து, இரண்டின் வெப்பமும் சமமான பிறகே சிமென்ட் பால் செலுத்தி நிரப்பினார்கள். இரண்டாம் உயர்த்தலில் வேறு வழி: அணையின் கீழ்ப்புறத்தில் வரிசையாக முட்டுச்சுவர்கள். அவை பழைய அணையோடு ஒட்டுவதில்லை. நடுவே துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், சுவர் விரிந்து சுருங்கும்போது வழுக்கிக்கொள்ள.

இப்படிப்பட்ட வேலையில் மில்லிமீட்டருக்கும் எழுத்துக்கும்தான் மரியாதை. எந்தக் குவாரிக் கல், எந்த முகத்தை எவ்வளவு செதுக்குவது, எது ஒப்பந்த அளவில் அடங்கும், எது கூடுதல் வேலை என்று ஒவ்வொன்றும் அளவுப் புத்தகத்தில் ஏறினால்தான் பணம். ஆற்றின் நாட்காட்டியும் ஒத்துழைக்காது. நைல் வெள்ளம் வண்டலோடு வரும் மாதங்களில் மதகுகள் திறந்தே இருக்க வேண்டும், வண்டல் கழிந்த பிறகே நீரைத் தேக்குவார்கள். இந்தச் சுழற்சியில் ஒரு பருவம் தவறினால் ஓராண்டு தவறியதுபோல். ஆட்களுக்கும் இயந்திரங்களுக்கும் செலவு மட்டும் தினமும் ஓடும்.

வேலையின் செய்முறையிலும் பணத்திலும் அரசுத் தரப்போடு தகராறு முற்றியது. வேலை நின்றது. கிச்சனரின் அறையில் தரையில் படுத்துக் காட்டினால் போதுமானதாக இருந்தது. ஹார்வியின் காலத்தில் கணக்கை வேறொருவர் எடுத்துக்கொண்டார். ருமேனியாவில் பிரிட்டிஷ் கஜானா பின்னால் நின்றது. அஸ்வானில் பின்னால் யாரும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து அவருடையது, வட்டி கட்டுவது அவர், எதிரில் இருப்பது தன் அளவுப் புத்தகத்தை விட்டு நகர வேண்டிய தேவையே இல்லாத ஓர் அரசு. எம்.பி. பதவியும் இல்லை. கெய்ரோவில் தட்டி உள்ளே போக அவருக்குத் தாழ்வாரக் கதவு கிடையாது.

1930 செப்டம்பர் 27 அன்று அலெக்சாந்திரியாவில் கடலில் ஒரு சிறு படகில், துப்பாக்கிக் காயத்தோடு அவர் இறந்து கிடந்தார். தற்கொலை என்றே பொதுவாக ஏற்கப்பட்டது. வயது 59.

அணை வேலையை வேறு நிறுவனம் எடுத்து 1933இல் முடித்தது. முதலில் சுமார் 100 கோடி கன மீட்டர் தேக்கிய அணை, முதல் உயர்த்தலில் 250 கோடியைத் தொட்டது, இப்போது 500 கோடியைத் தாண்டியது. முட்டுச்சுவர்கள் பழைய கருங்கல்லோடு ஒட்டாமல், எஃகுத் தகட்டின்மேல் சாய்ந்து நிற்கின்றன.